இடது உள்ளங்காலில் மை

ஜனவரி 8, புதன்

விடிந்ததிலிருந்தே தூறல். ஐஸ் பெட்டி கனம், குடை ஓட்டை. முதல் பஸ்ஸில் லுணுகலை, அங்கிருந்து தேயிலைக்குள் நடை. வழியில் அட்டை கடித்தது, சாக்ஸ் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர். "கொரோனா போயி எவ்ளோ காலமாச்சு, இதுங்க இன்னும் குச்சிய விடலியே." எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. கேட்டது.

விடவில்லைதான். சளி, இருமல், இழுப்பு என்று இருப்பவர்களின் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. எந்த வைரஸ், எந்தச் சனத்திடம், எந்த வழியாக. எங்களுக்கு மூன்று இடம்: பதுளை டவுன், மொனராகலைப் பக்கம் ஒரு கிராமம், லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டம். கல்யாணமாகி டவுனுக்கு வந்து வருஷக்கணக்கு. இன்னும் "எங்கள் தோட்டம்" என்றுதான் கை எழுதுகிறது. அங்கே எனக்கு மூக்குக்குச்சி மிஸ் என்று பேர். என்னைக் கண்டால் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி சிதறும்.

தோட்டத்தின் மேல் டிவிசன், தர்ஷினி வீடு. தலைப்பிள்ளை, பையன். இன்னும் முப்பதாம் நாள் கும்பிடவில்லை, பேரும் வைக்கவில்லை. புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை, பொங்கலுக்குத்தான் லீவு. பிள்ளைக்கு நேற்றிலிருந்து மூக்கடைப்பு, பால் இழுத்துக் குடிக்க முடியவில்லை. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. மாதிரி எடுத்தேன். கத்தினான், கத்தலில் சத்து இல்லை.

"நாளைக்குப் பாப்போம்னு இருக்காத தர்ஷினி. இன்னைக்கே பதுளைக்குக் கொண்டுபோ."

மாமியார் குறுக்கே விழுந்தாள். "சளிக்கெல்லாமா ஆஸ்பத்திரி? காலையில பாக்கியம் வந்து மூக்குல ஊதி எடுத்துட்டா செரியாயிரும்."

பாக்கியம் என் அக்கா. மூன்று டிவிசனிலும் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள்.

துணியை விலக்கியபோது பையனின் இடது உள்ளங்காலில் மைப் பொட்டு. எல்லாரும் கன்னத்தில் வைப்பார்கள். அக்கா உள்ளங்காலிலும் வைப்பாள், அதற்குக் கீழே கடுகு அளவில் இன்னொன்று. எங்கள் மகள் குட்டிக்கும் அப்படித்தான் வைத்தாள். பார்த்ததும் மனசுக்கு இதமாக இருந்தது.

திரும்பும்போது அக்கா வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாத அதே பழைய லயம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தும்மினால் இங்கேயிருந்து "நூறு" சொல்லலாம். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தந்தாள். குரல் கட்டியிருந்தது.

"என்னக்கா தொண்டை?"

"நியூ இயருக்கு ஒங்க வீட்டுல ஐஸ்கிரீம் தின்னேன்ல, அதான். இப்ப பரவால்ல. குட்டிக்கு மூக்கு ஒழுகுறது நின்னுச்சா?"

"நின்னுருச்சு."

"நான் ஊதிவிட்டது. நீயும் பெரிய படிப்பு படிச்சு குச்சிதான் விடுற."

இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் பிந்தி வந்தது.

செய்ய வேண்டியது: குடை. ஐஸ் பொதி கேட்டு எழுத. குட்டிக்கு நேர்சரிச் சப்பாத்து.


ஜனவரி 10, வெள்ளி

மழை இல்லை. பல் கிட்டும் குளிர்.

தர்ஷினி பிள்ளையோடு நேற்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். ஒரு நாள் முழுசாகப் போய்விட்டது. காலையில் அக்கா வந்து ஊதிப் பார்த்து, இதில் கை வைக்க முடியாது, உடனே கொண்டுபோங்கள் என்று அவள்தான் அதட்டி அனுப்பினாளாம். நான் சொன்னால் ஏறாதது அக்கா சொன்னால் ஏறுகிறது. மாமியார் மேல் எனக்குக் கோபம். பிறகு யோசித்தேன். அந்த மழையில், அந்த ரோட்டில், வாகனம் பிடிப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியாததா.

பையனின் மூக்கில் ஒட்சிசன் குழாய். தர்ஷினி பால் கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில்.

திங்கட்கிழமை எடுத்தவற்றின் முடிவுகள் வந்தன. கீழ் டிவிசன் பெண் பிள்ளை, நடு டிவிசன் பையன், இரண்டுக்கும் ஆர்.எஸ்.வி. பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம், மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போவார்கள். கைக்குழந்தைக்கு நூல் போன்ற மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அந்த இரண்டும் இதே வாட்டில்தான். தேறிவருகின்றன. தர்ஷினியின் பையனுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் டொக்டர் மிஸ்.

மிஸ் கண்டிக்காரர். தமிழ் தட்டுத் தடுமாறும், ஆனால் விடமாட்டார். என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"விமலா, மத்த ரெண்டு எடமும் எனக்கு விளங்குது. டவுன்ல நேர்சரி போற அக்கா, அண்ணா வீட்டுக்குக் கொண்டு வாறது. மொனராகலையிலயும் அப்படித்தான். ஆனா தோட்டத்துல இந்த மூணும் மொதல் பிள்ளை. மூணும் வேற வேற டிவிசன். பிள்ளை பாத்துக்குற மடுவத்துல விடுற வயசும் இல்ல, அம்மாமார் இன்னும் கொழுந்து எடுக்கப் போகல்லதானே. பிள்ளை எங்கயும் போகல்ல. அப்ப யாரு வந்தது?"

நான் தோட்டத்துக்காரி, எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணம். தெரியாது மிஸ் என்றேன். அப்போது அது உண்மை.

பதினைந்து நிமிஷம்கூட இராது. நர்ஸ் நடு டிவிசன் பையனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் மேலே. இடது உள்ளங்காலில் மை. கீழே கடுகு.

அடுத்த கட்டிலுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினேன். பெண் பிள்ளையின் தாய், "என்ன மிஸ் பாக்குறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை, கால் சூடா இருக்கா என்று பார்த்தேன் என்றேன். அங்கேயும் இருந்தது. குளிப்பாட்டாத நாட்களில் பாதி அழிந்து, பச்சை நிறமாய்.

மிஸ்ஸிடம் போகவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.


ஜனவரி 11, சனி

லீவு. துணி ஒரு மலை. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. சோறு குழைந்தது. வீட்டுக்காரர் த்ரீவீலுக்கு டயர் மாற்றப் போனார், திரும்பி வந்து, "ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்றார். தலைவலி என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்கா குளிப்பாட்டும் விதம். பலகையில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். பிள்ளையைக் கணுக்காலில் மல்லாத்திப் போட்டு எண்ணெய், பயறு மா, வெந்நீர். கடைசியில் மூக்குத் தண்டைப் பிடித்துவிட்டு, குனிந்து, தன் வாயைப் பிள்ளையின் மூக்கில் வைத்து ஒரே ஊது. சளி பிள்ளையின் வாய் வழியாக வரும், சுண்டுவிரலால் வழித்து எறிவாள். பிள்ளை ஒரு கத்துக் கத்தி, பிறகு தூங்கிப்போகும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் பிள்ளைக்கு அவள் செய்ததைப் பக்கத்தில் துவாயோடு நின்று பார்த்தவள் நான். வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று தோட்டம் தோட்டமாக வகுப்பு எடுத்தவளும் நானேதான். துளி, தும்மல், கைகழுவு. இந்த ஊதல் என் மண்டையில் ஒரு நாளும் வைரஸ் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அது அக்காவுடையது, அன்பு, அவ்வளவுதான்.

கிராமத்தில் பிள்ளையைப் பெற்றவளே கிணற்றடியில் குளிப்பாட்டுகிறாள். டவுனிலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். எங்களிடம்தான் ஒருத்தி மூன்று டிவிசனுக்கும் நடந்து போகிறாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்லது கெட்டதில் அவளைப் பின்னால் நிற்கச் சொல்வார்கள், வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் ஒரு வருஷம், லயத்தில் ஒரு பிள்ளை பிறந்து சில நாளிலே நெஞ்சு அடைத்து நீலமாகிவிட்டது. கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்த அக்கா கூடையோடேயே உட்கார்ந்து ஊதி எடுத்தாள். பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் கூப்பிடுவது பாக்கியத்தை. முப்பதுக்கு முதல் தாம்பூலம் அவளுக்குத்தான். அம்மா செத்த பிறகு கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தவள், அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடக்க நான் பார்த்தேன்.

இதை எப்படி அவளிடமிருந்து பிடுங்குவது.

பிடுங்காவிட்டால் அடுத்த பிள்ளை.

பயறு மா என்று எழுதும்போதே மணக்கிறது.


ஜனவரி 12, ஞாயிறு

அக்காவிடம் போனேன். ஐஸ் பெட்டியோடு. ஞாயிற்றுக்கிழமையில் பெட்டியைக் கண்டதும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். வாசலில் சாக்கு போட்டுக் கால் துடைக்கவைத்தாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். மூன்று பிள்ளை, மூன்று உள்ளங்கால்.

அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு கோபம் வந்தது.

"காய்ச்சலா எனக்கு? படுத்தேனா? வெறும் தொண்டக் கட்டு. அதுல எப்படிடி பிள்ளைக்கு நோவு வரும்?"

"பெரியவங்களுக்கு அவ்ளோதான்க்கா காட்டும். உள்ள கிருமி இருக்கும்."

"எத்தன பிள்ளைக்கு ஊதியிருக்கேன். எத்தன பிள்ளை. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"ஊதாம சளி எப்புடி வெளிய வரும்? அது தானா மூக்கச் சிந்துமா?"

பதில் சொல்ல என்னிடம் உப்புத்தண்ணி சொட்டு மருந்துதான் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

அப்புறம் அவளே பலகையில் உட்கார்ந்து தலையை அண்ணாந்தாள். "விடு."

குச்சியை விட்டேன். கண்ணில் தண்ணீர். எல்லாருக்கும் வரும், அது குச்சிக்கு வரும் தண்ணீர். இரண்டு மூக்குத் துவாரமும். குழாயை மூடிப் பேர் எழுதினேன்.

"பொங்கலன்னைக்கு கீழ் டிவிசன்ல ஒரு புள்ளைக்குத் தலைக்கு ஊத்தணும். வரச் சொல்லியிருக்காங்க."

"முடிவு வர்ற வரைக்கும் வேணாங்க்கா."

"என்ன சொல்லி வேணாங்குறது?"

"முழங்கால் வலின்னு சொல்லு."

"அது எப்பவும் வலிக்குறதுதானே." கொஞ்சம் சிரித்தாள். "செரி. போகல."

ரோட்டுக்கு வந்து மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் சொன்னேன், அக்கா என்பதையும். மிஸ்: "நீங்க நல்ல வேலை செஞ்சது, விமலா. சளி வந்து ஒரு வாரம் தாண்டினபடியா டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னும் வரலாம்." இல்லை என்று வரட்டும் என்று அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். ரோட்டோர முனியாண்டிக்குக் காசும் போட்டேன். இல்லை என்று வந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை என்று படித்தவள்தான் போட்டேன்.


ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பால் கிழக்கே பொங்கியது. அவருக்குச் சந்தோஷம். குட்டி கத்தின "பொங்கலோ பொங்கல்" மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். கரும்பு வாங்கவில்லை, மறந்துபோயிற்று.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. தர்ஷினியின் பையனை மூச்சு மெஷினில் போட்டிருக்கிறார்கள். ஆர்.எஸ்.வி. என்று உறுதியாகிவிட்டது. தகப்பன் கொழும்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான், கையில் பொங்கலுக்கு வாங்கிய சட்டைப் பார்சல். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, பேர் ஒண்ணு வச்சுக் கூப்புட்டா கேக்குமா?" என்றான். கூப்பிடு என்றேன். முப்பதுக்கு முன்னால் வைக்கக் கூடாதே என்று தயங்கினான். கூப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கீழ் டிவிசன் பெண் பிள்ளை, நடு டிவிசன் பையன், இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா போன். "கீழ் டிவிசனுக்குப் போகல. முழங்கால்னு சொன்னேன். ஆள் அனுப்பித் தூக்கிட்டுப் போறோம்கிறாங்க." சிரிக்கவில்லை. "தர்ஷினி பிள்ளை எப்படி?"

இருக்கு என்றேன்.


ஜனவரி 15, புதன்

மழை. சாயங்காலம் கொழும்பிலிருந்து முடிவு. போனில் ஒரு வரி. அக்காவுக்கு இருக்கிறது. அதே வைரஸ்.

மிஸ்: "ஒண்ணு ஞாபகம் வைங்க. இது அவங்க உடம்புல இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. யாருக்கு யாரு கொடுத்ததுன்னு குழாய் சொல்லாது. ஒரு பிள்ளைகிட்டேயிருந்து அவங்களுக்கு வந்தும் இருக்கலாம்." என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். உண்மையும்கூட. அப்புறம் கடமைக்குத் திரும்பினார். "மொதல் பிள்ளைக்கு நோய் வந்தது ஐந்தாம் தேதி. அதுக்கு முந்தி, நியூ இயர் நேரம், அவங்க எங்க போனது? சளி உள்ள சின்னப் பிள்ளை யாரும் பக்கத்துல இருந்ததா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

கேட்க என்ன இருக்கிறது. நியூ இயருக்கு அக்கா எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாதா. டிசம்பர் கடைசியில் குட்டியின் நேர்சரி முழுக்க மூக்கு ஒழுகல். நேர்சரி டீச்சர்மார், லீவில் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். குட்டிக்கும் வந்தது. மூன்று நாள் மூக்கடைத்து ராத்திரி சிணுங்கல். நியூ இயருக்கு நாலு நாள் முந்தியே வந்த அக்கா, வந்தவுடன் மடியில் போட்டு ஊதிவிட்டாள், குட்டி கெக்கலி கொட்டிச் சிரித்தது. நான் போனில் படம்கூட எடுத்தேன். இப்போதும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

குட்டிக்கு மாதிரி எடுக்கவில்லை. ஊரார் பிள்ளை மூக்கிலெல்லாம் விட்டேன், என் பிள்ளைக்கு வெறும் சளிதானே என்று இருந்துவிட்டேன். இப்போது எடுத்தால் ஒன்றும் இராது. ஆக, நிரூபணம் கிடையாது. ஆனாலும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்குப் போன் பண்ணவில்லை. நாளைக்கு நேரில்.


ஜனவரி 16, வியாழன்

விடியற்காலை பையன் போய்விட்டான்.

மத்தியானம் உடம்பைக் கொடுத்தார்கள். அவரே த்ரீவீலை எடுத்தார். தர்ஷினி நடுவில், பிள்ளை அவள் மடியில், நான் ஒரு பக்கம், தகப்பன் முன்னால் சீட்டு நுனியில். ஒரு இடத்தில் ரோட்டு வேலை, கொடி பிடித்த ஆள் நிறுத்தச் சொன்னான், உள்ளே பார்த்துவிட்டு உடனே விட்டான்.

லயத்தில் எல்லாரும் நின்றார்கள். தப்பு மேளம் அடிக்கவில்லை, பச்சைப் பிள்ளைக்கு அடிப்பதில்லை. புதைக்க இடம் வெட்டியாகிவிட்டது. மாமியார் வந்து என் அக்காவைத்தான் தேடினாள்.

"பாக்கியம் எங்க? மொதத் தண்ணி அவதானே ஊத்துனா. கடைசித் தண்ணியும் அவளே ஊத்தட்டும்."

அக்கா கூட்டத்துக்குப் பின்னால், மாஸ்க் போட்டுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போட்டிருக்கிறாளாம். அங்கேயிருந்து என்னைப் பார்த்தாள். முடிவு என் கைப்பைக்குள், போனில். போ என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், எனக்கு இன்னும் தெரியவில்லை.

பலகை வைத்தார்கள். வெந்நீர் யாரோ கொண்டுவந்தார்கள், வெந்நீரே வேண்டும் என்று தர்ஷினி சொன்னாள். அக்கா காலை நீட்டினாள். எண்ணெய் இல்லை. பயறு மா போட்டாள். கை எப்போதும் போலவே போயிற்று, கழுத்து மடிப்பு, கக்கம், விரல் இடுக்கு. ஒட்சிசன் குழாய்க்கு ஒட்டிய பிளாஸ்டரின் பசை கன்னத்தில் இருந்தது, அதை மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்தாள். மூக்குத் தண்டைப் பிடித்துவிட்டாள்.

பிறகு மாஸ்க்கைக் கீழே இழுத்துக் குனிந்து ஊதினாள்.

பழக்கத்தில் ஊதினாளா, எதையாவது நினைத்து ஊதினாளா தெரியாது. ஒரு ஊது. நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், கத்தும் என்று காத்திருக்கிற மாதிரி. அதுவரை அடக்கிவைத்திருந்த பெண்டுகள் அப்போதுதான் கதறினார்கள். நானும்தான்.

உள்ளங்காலில் மை வைக்க யாரும் சொல்லவில்லை. அவள் வைத்தாள்.


ஜனவரி 17, வெள்ளி

அக்கா வீட்டில் தங்கினேன். லீவு சொல்லிவிட்டேன். மழை விட்டு மலை முழுக்கப் பனி, எதிர் லயம் தெரியவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துச் சத்தம் மட்டும் கேட்டது, எந்த மலை, எத்தனை பேர் என்று. சாவு ஒரு நாள், வேலை மறுநாள்.

அவளே கேட்டாள். "ஒன் போன்ல வந்துருச்சுல்ல."

"வந்துருச்சுக்கா."

"எப்ப?"

"புதன்கிழமை."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா. நேத்து நீ தலைய ஆட்டுனப்பவே தெரியும்." தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "நாந்தான் கொன்னுட்டேனா?"

மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். யாருக்கு யார் என்று குழாய் சொல்லாது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை, எனக்காகக் கேட்டுக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் மிச்சத்தைச் சொன்னேன். நியூ இயர். குட்டி. போனில் இருக்கும் படம்.

"எங்க வீட்டுலருந்துதான் போச்சுக்கா. ஒன்கிட்ட வந்தது எம்பிள்ளைகிட்டயிருந்து."

கோப்பையைக் கீழே வைத்தாள். நடுச்சுவருக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கும் திறப்பைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்று காது கொடுத்தாள். பிறகு என் பக்கத்தில் நகர்ந்து, குரலே இல்லாமல்:

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. ஒம்புருஷன்கிட்டயும் சொல்லாத. நாளைக்குப் பொம்பளப்பிள்ளை வளந்து நிக்கும்போது, இவ சளியிலதான் ஒரு பிள்ளை செத்துச்சுன்னு ஒரு வாய் சொல்லிறக்கூடாது. அது காதுல இது விழவே கூடாது, கேட்டியா? நான் இருக்கேன்ல. எம்மேல இருக்கட்டும்."

"அக்கா..."

"எனக்குப் பிள்ளையா குட்டியா. என்னைய என்ன சொல்லப்போறாங்க."

தனக்குப் பிள்ளை இல்லை என்பதை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்தேன்.


ஜனவரி 19, ஞாயிறு

பதுளை. வெயில். குடை தைத்து வந்தது.

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். குட்டியையும் சேர்த்து. சத்தியம் மீறியாகிவிட்டது, ஆனால் மிஸ் வாயிலிருந்து எங்கேயும் போகாது. இனி போகிற வீட்டிலெல்லாம் பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், மூக்கில் ஊதுகிறார்களா என்று கேட்போம் என்றார். மற்றத் தோட்டங்களிலும். "நாங்க கேக்காதது எங்கட பிழை, விமலா. அவங்கட பிழை இல்ல." அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏறுமா தெரியாது.

குட்டி கண்ணாடி முன்னால் நின்று பொம்மைக்கு ஊதிக்கொண்டிருந்தது. பெரியம்மா மாதிரியே, மூக்கைப் பிடித்துவிட்டு. பார்த்துக்கொண்டே நின்றேன், நிறுத்தவில்லை.


ஜனவரி 21, செவ்வாய்

நாளைக்கு மொனராகலை. ஐஸ் பெட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. பருப்பு ஊறுகிறது.

ஏழு மணிக்குத் தர்ஷினி போன் பண்ணினாள். அவள் நம்பரைப் பார்த்ததும் எடுக்கப் பயந்தேன்.

"அக்கா, பாக்கியம் பெரியம்மா இன்னைக்குப் பீலிக்கரையில எல்லாருக்கும் முன்னாடி சொல்லிருச்சு. தண்ணிக்கு நின்ன அத்தன பேருக்கும் முன்னாடி. எம்மூச்சுலருந்துதான் மூணு பிள்ளைக்கும் போச்சு, டெஸ்டுல வந்துருச்சு, இனிமே பிள்ளை குளிப்பாட்ட என்னைய யாரும் கூப்பிடாதீங்க, யாரும் பிள்ளை மூக்குல ஊதவும் ஊதாதீங்கன்னு."

"என்ன சொன்னாங்க எல்லாரும்?"

"மாமிதான் கொடத்தப் போட்டுட்டு மண்ணள்ளித் தூத்துச்சு. பெரியம்மா நகரவே இல்லக்கா, அப்படியே நின்னுச்சு. அப்புறம் மாமியோட கொடத்த அதுவே ரொப்பி எங்க வாசல்ல கொண்டாந்து வச்சிட்டுப் போயிருச்சு."

தர்ஷினியின் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ இருமும் சத்தம், பாத்திரச் சத்தம்.

"அக்கா, நான் கேட்டேன். பெரியம்மா, ஒங்களுக்கு யாருகிட்டயிருந்து வந்துச்சுன்னு. பஸ்ஸுல வந்திருக்கும்னு சொல்லிருச்சு. நீங்கதான டெஸ்ட் எடுத்தீங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

குட்டி என் மடியில். சப்பாத்து வார் போடப் பழகிக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸுக்கு வாயா இருக்கிறது, அது மறுக்குமா.

"எங்க வீட்டுலருந்து, தர்ஷினி. நியூ இயருக்கு எங்க குட்டிக்குச் சளி இருந்துச்சு."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு அவள் குரல்.

"இப்ப நல்லாருக்காக்கா குட்டி?"

நல்லாருக்கா என்றேன்.